கடகத்தில் திரும்பாத சூரியன்

ஆண்டுக்கு ஒரு முறை சூரியன் தன் வடதிசைப் பயணத்தை முடித்துக்கொண்டு தெற்கே திரும்புகிறது. இந்திய நேரப்படி அது பெரும்பாலும் ஜூன் 21-ஆம் தேதி நிகழ்கிறது. அன்று நண்பகலில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 23.4 பாகையில் ஓடும் கடகரேகையின் மேல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்தக் கோட்டுக்கு வடக்கே உள்ள எந்த ஊரிலும் சூரியன் ஒருபோதும் தலைக்கு நேரே வருவதில்லை. கோடைக்காலக் கதிர்த்திருப்பம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். மேலைநாட்டு ஜோதிடத்தில் சூரியன் கடக ராசிக்குள் நுழைவதும் இதே நொடியில்தான். அங்கே ஜூலை 22 வரை கடகப் பருவம். தமிழ்ப் பஞ்சாங்கத்திலோ சூரியன் கடகத்துக்கு வருவது ஆடி மாதம் முதல் நாள், அதாவது ஜூலை 16 அல்லது 17. சூரியன் ஒன்று, ராசியின் பெயரும் ஒன்று. இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ 25 நாள் இடைவெளி. வானம் இரண்டாயிரம் ஆண்டுகளாக மெல்ல நகர்ந்ததில் விழுந்த இடைவெளி அது.

முதலில் திருப்பம். பூமி சூரியனைச் சுற்றிவரும் தளத்துக்கு அதன் அச்சு செங்குத்தாக இல்லை; 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்திருக்கும் திசை ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. ஆகவே சுற்றுப்பாதையின் ஒரு பக்கத்தில் வடமுனை சூரியனை நோக்கியும், ஆறு மாதம் கழித்து எதிர்ப்பக்கத்தில் சூரியனை விட்டு விலகியும் இருக்கிறது. பருவங்கள் அனைத்தும் இந்தச் சாய்வால் வருபவை. கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. உண்மையில் ஜூலை முதல் வாரத்தில்தான் பூமி சூரியனிலிருந்து மிகத் தொலைவில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது தொலைவு 14.7 கோடி கிலோமீட்டர்.

வடக்கே போகப் போக ஜூன் 21-இன் பகல் நீளும். கன்னியாகுமரியில் அன்றைய பகல் சுமார் 12 மணி 35 நிமிடம். சென்னையில் 12 மணி 53 நிமிடம். டில்லியில் ஏறத்தாழ 14 மணி. லண்டனில் பதினாறரை மணிக்கும் கூடுதல். ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் அன்று சூரியன் மறைவதே இல்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் இந்த நாளை ஒட்டி ஊரே விழாக்கோலம் பூணுவதற்கும், தமிழகத்தில் அது சத்தமில்லாமல் கடந்துபோவதற்கும் இந்த வேறுபாடே காரணம். குளிர்காலத்தில் ஆறேழு மணி நேரம் மட்டுமே வெளிச்சம் பார்ப்பவருக்கு மிக நீண்ட பகல் ஒரு வரம். ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக ஓடும் ஊரில் கூடுதலாகக் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தமிழகத்தில் ஜூன் 21 வெயிலின் உச்சமும் அல்ல. சென்னையில் சூரியன் தலைக்கு நேரே வருவது ஆண்டுக்கு இரு முறை: ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும். கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நிகழும். பள்ளி மாணவர்கள் நிழலில்லா நாள் என்று குச்சி நட்டுப் பார்ப்பது இந்த நாள்களில்தான். நடுவே உள்ள மாதங்களில் சென்னையின் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே விழும். வீட்டின் வடக்குச் சுவரில் நண்பகல் வெயில் அடிப்பது இந்த மாதங்களில்தான். மே 4 தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயில் போன பின்பு, தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம் மேற்கு மாவட்டங்களை மூடத் தொடங்கிய பின்பே கதிர்த்திருப்பம் வருகிறது.

பழங்காலத்தில் இந்த நாளைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஒரே இடத்தில் நின்று சூரியன் உதிக்கும் புள்ளியைத் தொடர்ந்து கவனிப்பது. மார்ச் மாதத்தில் அந்தப் புள்ளி நாளுக்கு நாள் விறுவிறுவென வடக்கே நகரும். ஜூன் நெருங்க வேகம் குறையும். திருப்பத்துக்கு முந்தைய ஐந்து நாள்களில் சூரியன் வடக்கே நகரும் தொலைவு, மார்ச் மாதத்தில் ஒரே நாளில் நகரும் தொலைவில் கால் பங்குகூட இல்லை. சில நாள் அசையாமல் நின்றுவிட்டதைப் போலத் தோன்றி, பிறகு வந்த வழியே திரும்பும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தின் அச்சு இந்த உதயத்தை நோக்கி அமைந்திருக்கிறது. இரண்டாவது வழி நிழல். செங்குத்தாக நட்ட கோலின் நண்பகல் நிழலை அன்றாடம் குறித்துவந்தால், ஆண்டின் எல்லை நாள்கள் தரையில் தாமாகவே எழுதப்பட்டுவிடும். உஜ்ஜயினி 23.2 பாகையில், கடகரேகையை ஒட்டியே இருக்கும் ஊர். 18-ஆம் நூற்றாண்டில் சவாய் ஜெய்சிங் அங்கே கட்டிய வானாய்வுக்கூடத்தின் சங்கு யந்திரத்தில், ஜூன் 21 நண்பகலில் நிழல் ஏறத்தாழ கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இந்திய வானியலார் தீர்க்கரேகைக் கணக்கின் தொடக்கமாக உஜ்ஜயினியைத் தேர்ந்ததும், அந்த ஊரை ஒட்டிக் கடகரேகை ஓடுவதும் அதற்கு இரட்டைப் பெருமை. குஜராத் முதல் மிசோரம் வரை எட்டு மாநிலங்களைக் கடக்கும் அந்த ரேகையும் ஓர் இடத்தில் நிலைத்து நிற்பதில்லை. அச்சின் சாய்வு சிறிது சிறிதாகக் குறைந்து வருவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மீட்டர் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த ரேகைக்கு நண்டின் பெயர் ஏன் வந்தது? சூரியன் ஆண்டு முழுவதும் செல்லும் வான்பாதையைப் பாபிலோனியர் கி.மு. 5-ஆம் நூற்றாண்டளவில் 30 பாகை கொண்ட பன்னிரண்டு சம பங்குகளாக வகுத்தனர். கிரேக்கர் அதை வாங்கி வடிவியல் கணக்காக்கினர். அந்தக் காலத்தில் சூரியன் வடக்கு எல்லையில் திரும்பியபோது அதன் பின்னணியில் இருந்தது நண்டின் விண்மீன் கூட்டம். திருப்பத்துக்கும் நண்டுக்கும் முடிச்சு அப்படி விழுந்தது. பிறகு வந்தவர்கள் அதற்குக் காரணமும் கற்பித்தார்கள். பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நகரும் உயிர் நண்டு. சூரியனும் இங்கே வந்ததும் சாய்வாகப் பின்வாங்குகிறது. மறுமுனையில், மேலே ஏறிப் போகும் வெள்ளாடு போல மகரத்திலிருந்து ஏறுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதினார். கிரேக்கப் புராணம் இந்த நண்டுக்கு அவ்வளவு கௌரவம் தரவில்லை. பல தலைப் பாம்போடு ஹெராக்கிளீஸ் போரிட்டபோது அவன் காலைக் கடித்து, மிதிபட்டுச் செத்து, ஹீரா தேவியின் இரக்கத்தால் வானத்துக்குப் போனது அது.

வானத்திலும் நண்டு எளிதில் கண்ணில் படாது. பன்னிரண்டு ராசிக் கூட்டங்களில் மிக மங்கலானது இதுவே. பிரகாசமான விண்மீன் ஒன்றுகூட இல்லை. நடுவில் புகைத் திட்டாகத் தெரியும் ஒரு கொத்து மட்டும் உண்டு. 1609-இல் தொலைநோக்கியைத் திருப்பிய கலிலியோ, அந்தப் புகை நாற்பதுக்கு மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம் என்று கண்டார். சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கொத்தில் ஆயிரம் விண்மீன்கள்வரை இருப்பதாக இன்று தெரிகிறது. தமிழர் வணங்கும் பூச நட்சத்திரம் அதை ஒட்டியதுதான். தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருப்பதால் அதற்கு நேரெதிரே கடகத்தில் முழுநிலவு நிற்கும். தைப்பூசத்தின் வானியல் அவ்வளவே. கடக மாதம் என்று பெயர் பெற்ற மாதத்திலோ சூரியனே அங்கு இருப்பதால் அந்த விண்மீன்களைப் பார்க்க முடியாது. நண்டைப் பார்க்க விரும்புபவர் தை, மாசி இரவுகளில்தான் அண்ணாந்து தேட வேண்டும்.

கடகத்துக்கு ஜோதிடம் தந்த குணங்களில் பெரும்பகுதி இந்தத் திருப்பத்திலிருந்தே பிறந்தது. ராசிகள் சரம், ஸ்திரம், உபயம் என மூவகை. மேஷம், கடகம், துலாம், மகரம் ஆகிய நான்கும் சர ராசிகள், அதாவது நகர்பவை. பகலும் இரவும் சமமாகும் இரண்டு புள்ளிகளும், சூரியன் திரும்பும் இரண்டு புள்ளிகளும் பழங்கணக்கில் இந்த நான்கின் தொடக்கத்தில்தான் இருந்தன. நான்கிலும் பருவம் புரள்கிறது. கடகத்தில் சூரியன் உள்ளவர் மெல்லப் பேசினாலும் காரியத்தைத் தொடங்கிவிடுபவர் என்று ஜோதிடர் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

அதிபதிகளின் பங்கீடு இன்னும் சுவையானது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, 'டெட்ராபிப்லோஸ்' என்ற ஜோதிட நூலில் இதற்கு விளக்கம் தருகிறார். கடகமும் சிம்மமும் வானில் மிக வடக்கே, தலைக்கு மிக அருகில் வருபவை, வெப்பம் மிகுந்தவை. ஆகவே அவை இரண்டு பேரொளிகளுக்கும் உரியவை: ஆண் ராசியான சிம்மம் சூரியனுக்கு, பெண் ராசியான கடகம் சந்திரனுக்கு. இவற்றுக்கு நேரெதிரே இருக்கும் மகரமும் கும்பமும் குளிர்காலத்தவை. குளிர்ந்தவனும் மிகத் தொலைவில் உள்ளவனுமான சனிக்கு அவை போயின. இடையில் உள்ளவை புதன், சுக்கிரன், செவ்வாய், குரு எனத் தொலைவின் வரிசையில் இருபுறமும் அடுக்கப்பட்டன. தமிழ் ஜோதிடர் இன்று கட்டம் போட்டதும் மனப்பாடமாகச் சொல்லும் அதிபதிகள் இதே வரிசைதான். வட அரைக்கோளத்தின் கோடையும் குளிரும் ராசிச் சக்கரத்தின் எலும்புக்கூடாகவே அமைந்துவிட்டன. ஜூன் மாதத்தில் நடுங்கும் ஆஸ்திரேலியாவுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி தாலமிக்கு எழ வாய்ப்பே இல்லை. இன்றைய ஜோதிடர்களிடமும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் கிடையாது.

சந்திரனுக்கு உரிய வீடானதால், சந்திரனோடு சேர்ந்த அனைத்தும் கடகத்தின் மேல் ஏறின: நீர், தாய், பால், உணவு, மனம், நினைவு, வீடு. ஓட்டுக்குள் ஒடுங்கும் நண்டின் இயல்பு, தன் குடும்பத்தைச் சுற்றி அரண் கட்டுபவர், எளிதில் புண்படுபவர் என்ற வருணனைக்கு உதவியது. உடலில் மார்பு கடகத்துக்கு உரியது என்பர். குரு இங்கே உச்சம் பெறுகிறது. உச்சத்தின் சிகரம் ஐந்தாம் பாகை. தமிழ்க் கணக்கில் அது பூசத்துக்குள் விழுகிறது. பூசத்தின் தேவதையும் பிரகஸ்பதியே. போர்க்குணம் கொண்ட செவ்வாய் இதே வீட்டில் நீசமடைகிறது. கிரேக்க மரபில் உலகம் பிறந்த கணத்துக்கு ஒரு கற்பனை ஜாதகம் உண்டு. அதன் லக்னம் கடகம். வால்மீகி ராமாயணம் ராமனுக்குத் தரும் ஜாதகத்திலும் லக்னம் கடகமே; அதில் சந்திரனும் உச்ச குருவும் சேர்ந்திருக்க, நட்சத்திரம் புனர்பூசம்.

திருப்பப் புள்ளிகளை வாயில்களாகப் பார்த்த மரபு இரு பக்கமும் இருந்திருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சிந்தனையாளர் போர்ஃபிரி, ஹோமரின் காவியத்தில் வரும் ஒரு குகைக்கு விளக்கம் எழுதினார். உயிர்கள் பிறவிக்குள் இறங்கும் வடக்கு வாயில் கடகம், தேவருலகுக்கு ஏறும் தெற்கு வாயில் மகரம் என்பது அவர் விளக்கம். இந்திய மரபில் மகரத்தில் தொடங்கும் உத்தராயணம் மீளா வழி, கடகத்தில் தொடங்கும் தட்சிணாயனம் மீண்டும் பிறவிக்குத் திரும்பும் வழி. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் உயிரைப் பிடித்து வைத்திருந்ததும் உத்தராயணத்துக்காகத்தான். கும்பகோணம் சாரங்கபாணி கோவிலில் இந்த வாயில்களை நேரிலேயே பார்க்கலாம். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசலும், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசலும் அங்கே திறந்திருக்கும்.

ஆனால் வானத்துத் திருப்பப் புள்ளி அசையாமல் இருக்கவில்லை. வேகம் தளரும் பம்பரத்தின் தலையைப் போலப் பூமியின் அச்சும் மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டு ஆகும். இதனால் திருப்பப் புள்ளி விண்மீன்களின் நடுவே மேற்கு நோக்கி 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்செல்கிறது. இதற்கு அயனச் சலனம் என்று பெயர். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலார் ஹிப்பார்க்கஸ் இதைக் கண்டறிந்தார்.

இந்திய நூல்களில் இந்த நகர்வு தடயமாகப் பதிந்திருக்கிறது. வேதாங்க ஜோதிஷம், சூரியன் தெற்கே திரும்புவது ஆயில்யத்தின் நடுவில் என்கிறது; வானம் அப்படி இருந்தது கி.மு. 14 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில். கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் உஜ்ஜயினியைச் சார்ந்து எழுதிய வராகமிகிரர் இந்த முரணைக் கண்டார். பழைய நூல்கள் சொல்வது அவற்றின் காலத்தில் சரியாக இருந்திருக்க வேண்டும். இப்போது தெற்குப் பயணம் கடகத்தின் தொடக்கத்திலும் வடக்குப் பயணம் மகரத்தின் தொடக்கத்திலும் ஆரம்பிக்கின்றன. ஐயமிருந்தால் நேரில் சோதித்துப் பாருங்கள் என்பதே பிருகத் சம்ஹிதையில் அவர் சொல்வதன் சாரம். நூலில் இருப்பதைவிட வானில் தெரிவதை நம்பச் சொன்ன இந்த ஒரு பகுதிக்காகவே அவரைக் கொண்டாடலாம். அதை அடுத்து அவர் ஒரு நிமித்தமும் தருகிறார்: கடகத்தை எட்டுமுன்பே சூரியன் திரும்பிவிட்டால் வடக்குக்கும் கிழக்குக்கும் கேடு. இன்றைய நட்சத்திரக் கணக்கின்படி சூரியன் ஒவ்வோர் ஆண்டும் கடகத்தை எட்டுவதற்கு 25 நாள் முன்பே திரும்பிவிடுகிறது. நிமித்தத்தை உள்ளபடி எடுத்தால் கேடு பல நூற்றாண்டாகத் தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நல்லவேளை, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடகமும் திருப்பமும் பிரிந்தபோது எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. தாலமியைப் பின்பற்றிய மேற்கு, பருவத்தைப் பிடித்துக்கொண்டது. சூரியன் வசந்த காலத்தில் பூமத்திய ரேகையைக் கடக்கும் புள்ளியே அவர்களுக்கு மேஷத்தின் தொடக்கம். அங்கிருந்து 90 பாகையில் கடகம். பின்னால் எந்த விண்மீன் இருந்தாலும் கவலையில்லை. இது சாயன முறை. இந்தியா விண்மீனைப் பிடித்துக்கொண்டது. ராசி நட்சத்திரங்களோடு கட்டப்பட்டது, திருப்பம் நகர்ந்தால் நகரட்டும். இது நிரயண முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் கி.பி. 285 வாக்கில் பூஜ்யமாக இருந்தது என்பது இன்று இந்தியாவில் பெரிதும் வழங்கும் லாகிரிக் கணக்கு. இப்போது அது 24 பாகையைத் தாண்டிவிட்டது. பஞ்சாங்கத்தின்படி ஜூன் 21-இல் சூரியன் இருப்பது மிதுனத்தில், மிருகசீரிடத்தின் கடைசிப் பாதத்தில். மறுநாள் அது திருவாதிரைக்குள் நுழையும்.

உலக வானியல் சங்கத்தின் எல்லைக்கோடுகளின்படி கணக்கு மூன்றாவது வடிவம் எடுக்கிறது. அங்கே விண்மீன் கூட்டங்கள் சம அளவில் இல்லை. அந்த வரைபடத்தில் திருப்பப் புள்ளி நண்டை விட்டுக் கிறிஸ்து காலத்தை ஒட்டியே வெளியேறிவிட்டது. 1989-இல் மிதுனத்தையும் கடந்து இப்போது ரிஷபத்துக்குள் இருக்கிறது. சூரியன் நண்டின் வழியே செல்வது ஜூலை 20 முதல் ஆகஸ்டு 10 வரை. ஆகக் கடகரேகை என்ற பெயர், சூரியன் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் விட்டுப்போன வீட்டின் பழைய முகவரி.

வாசகர்களுக்கு நேரும் குழப்பம் இன்னொன்று. ஆங்கில இதழில் ஜூலை 5-இல் பிறந்தவருக்குக் கடகம் என்று போட்டிருக்கும். அது பிறந்த நாளில் சூரியன் இருந்த சாயன ராசி. தமிழ் இதழின் ராசிபலனில் கடகம் என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த நிரயண ராசி: புனர்பூசம் நான்காம் பாதம், பூசம், ஆயில்யம் ஆகிய நட்சத்திரக்காரர்கள். இவர்கள் எந்த மாதத்திலும் பிறந்திருக்கலாம். ஒருவர் அங்கே கடகமாகவும் இங்கே தனுசாகவும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. இரண்டு முறைகளும் அளப்பது வேறு வேறு. சூரிய ராசி மட்டும் பார்த்துப் பலன் சொல்லும் வழக்கம் மேற்கிலும் பழையதல்ல. 1930 ஆகஸ்டில் லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில், பிறந்து சில நாளே ஆன இளவரசி மார்கரெட்டுக்கு ஆர். எச். நெய்லர் ஜாதகம் எழுதினார். வரவேற்பு பெருகியதும் எல்லோருக்கும் பொதுவான பத்தி தேவைப்பட்டது. பிறந்த தேதி யாருக்கும் தெரியும் என்பதால் சூரிய ராசி வசதியாகப் போயிற்று.

இத்தனை கணக்கும் மனிதரின் குணத்தைச் சொல்லுமா என்றால், சோதனைகள் அதற்கு ஆதரவாக இல்லை. 1985-இல் 'நேச்சர்' இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட சோதனையில், ஜோதிடர்களுக்கு ஒரு ஜாதகமும் மூன்று பேரின் குண விவரங்களும் தரப்பட்டன. ஜாதகத்துக்கு உரியவரை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றில் ஒரு முறைதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அதே அளவுதான் கிடைக்கும். கடகத்தின் குணங்களைப் பருவத்தையும் நிலவையும் வைத்து மனிதர் நெய்த உருவகமாகப் படிப்பவருக்கு ஏமாற்றம் இல்லை.

நம்பிக்கைக்கு அப்பால், கடக மாதம் வாழ்க்கையோடு இறுகப் பின்னியது தென்னாட்டில்தான். சோழர் காலக் கல்வெட்டுகள் நாளைக் குறிக்கும்போது ஆடியைக் கற்கடக நாயற்று என்றே பொறிக்கின்றன. மலையாளத்தில் மாதத்தின் பெயரே கர்க்கிடகம். கொல்லம் ஆண்டின் கடைசி மாதம் அது. மழை கொட்டி, வேலை இல்லாமல், கையிருப்பு தீர்ந்துபோகும் மாதம். மருந்துக் கஞ்சி குடித்து உடம்பைத் தேற்றுவதும், வீட்டில் ராமாயணம் வாசிப்பதும், கர்க்கிடக வாவு அன்று ஆலுவாவிலும் வர்க்கலையிலும் முன்னோருக்குப் பலியிடுவதும் அங்கே வழக்கம். தமிழகத்தில் அதே நாள் ஆடி அமாவாசை. ராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. தட்சிணாயனம் தேவர்களுக்கு இரவு என்ற நம்பிக்கையால் ஆடியில் கல்யாணம் செய்வதில்லை. விதைப்புக்காலத்தில் கைப்பணமும் ஆள்பலமும் வயலுக்கே தேவைப்பட்டதும் இதற்குத் துணைநின்றிருக்கும். மாதப் பிறப்பைச் சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரத்தில் தேங்காய் சுட்டுக் கொண்டாடுகிறார்கள். பூரணம் நிரப்பிய தேங்காயைக் குச்சியில் செருகித் தீயில் வாட்டும் பண்டிகை அது. யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பாட்டாக்கியதால், ஆடிக்கூழ் குடிக்காத ஊர்களுக்கும் அதன் மணம் போய்ச் சேர்ந்தது.

திருப்பத்தையும் மாதத்தையும் மறுபடி இணைக்க ஒரு முயற்சி நடந்தது. 1952-இல் இயற்பியலார் மேகநாத் சாகா தலைமையில் இந்திய அரசு நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. நிர்மல் சந்திர லாகிரி அதன் செயலராக இருந்தார். பருவங்களைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டையே குழு பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாள்காட்டியில் ஆடிக்கு இணையான ஆஷாட மாதம் ஜூன் 22-இல், கதிர்த்திருப்பத்துக்கு மறுநாள் தொடங்குகிறது. அரசிதழின் தலைப்பிலும் வானொலி அறிவிப்பிலும் அந்தத் தேதி உண்டு. கோவிலும் வயலும் வீடும் அதை ஏற்கவில்லை. நட்சத்திரக் கணக்கிலேயே தொடர்கின்றன.

அதனால் இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. விவேகானந்தர் 1863-இல் மகர சங்கராந்தியன்று பிறந்தார். அன்றைய ஆங்கிலத் தேதி ஜனவரி 12. இன்று தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15. ஆடிப்பிறப்பும் இதே வேகத்தில், 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. இன்னும் நானூறு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கதிர்த்திருப்பம் நிரயண மிதுனத்தையும் விட்டு ரிஷபத்துக்குள் போய்விடும். அப்போது அது வைகாசியின் கடைசி நாளில் நிகழும். ஆயிரம் ஆண்டு கழித்து ஆடி முதல் தேதி ஜூலை இறுதியில் வரும். தென்மேற்குப் பருவமழை நட்சத்திரத்தைப் பார்த்துப் பெய்வதில்லை. சூரியனின் வடக்குப் பயணத்தால் நிலம் சூடேறுவதை ஒட்டியே வருகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழி அப்போதும் வழக்கில் இருந்தால், விதைப்பு ஆனி நடுவில் தொடங்க வேண்டியிருக்கும்.